இராக் காவலும் நெடுங் கம்பியும்

காவலுக்கென்று ஒருவனை அமர்த்துகிறோம். பகலெல்லாம் விழித்திருந்து போவோர் வருவோரைக் கூர்ந்து நோக்கும் அவன், பொழுது சாய்ந்ததும் கண்ணயர்ந்து விடுவானாயின் அக்காவலாற் பயன் என்ன? இன்று நம்மவர் வீடுகளிலே படலையையும் முற்றத்தையும் காத்து நிற்கும் காவற் கமராக்களுட் சில இவ்வாறுதான் நடந்துகொள்கின்றன. பகலில் அவை காட்டும் படம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. இருள் சூழ்ந்ததும் படம் நடுங்குகிறது, கோடுகள் ஓடுகின்றன, பின்னர் திரை கறுத்துவிடுகிறது. சிறிது நேரத்தில் மீண்டும் படம் தோன்றுகிறது, மீண்டும் மறைகிறது. பொழுது விடிந்ததும் யாதொன்றும் நடவாதது போலக் கமரா நன்றாக இயங்குகிறது.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுவதற்கில்லை. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, முதிய தாய் தந்தையர் தனித்து வாழும் வீடுகள் நம் நாட்டில் அநேகம். கடல் கடந்திருக்கும் மகனோ மகளோ கைத்தொலைபேசியிலே வீட்டு வாயிலைப் பார்த்து ஒருவாறு ஆறுதல் கொள்கிறார். நள்ளிரவில் அந்தப் படம் திடீரென்று மறைந்துவிட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? யாரேனும் கம்பியை அறுத்துவிட்டார்களோ என்ற அச்சம் எழுகிறது. அயலவர்மீது வீண் ஐயம் பிறக்கிறது. கமராவைப் பூட்டித் தந்தவர் பழுதான பொருளைத் தலையிற் கட்டிவிட்டார் என்ற கோபம் மூள்கிறது. முடிவில் அக்கமராவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். புதியதும் இரண்டாம் நாள் இரவே பழையதைப் போல மறைந்து மறைந்து தோன்றுகிறது. பணம் போகிறது, நிம்மதி போகிறது. குறை மாத்திரம் போவதில்லை.

ஏனெனில், இத்தகைய இடங்களிற் பெரும்பாலும் குற்றம் கமராவினுடையதன்று. அதற்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் நீண்ட கம்பியினுடையது. அதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. வீட்டுக் கமராக்களுட் பெரும்பாலானவை 12 வோல்ற்றில் இயங்குபவை. ஆதலால், அடப்டர் என்று கடைகளிற் கேட்டு வாங்கும் சிறு பெட்டி ஒன்று வீட்டினுள்ளே இருந்து, 230 வோல்ற்றை 12 வோல்ற்றாகக் குறைத்துத் தருகிறது. அங்கிருந்து மெல்லிய இரு கம்பிகள் கமராவரை செல்கின்றன. ஒன்று மின்னோட்டத்தைக் கொண்டு செல்வது; மற்றையது அதனைத் திரும்பக் கொண்டு வருவது. கமரா விறாந்தையில் இருக்கும்போது இவ்வேற்பாட்டிற் குறையொன்றுமில்லை. வளவின் எல்லையிலுள்ள படலைக்கோ, கிணற்றடிக்கோ, மாட்டுக் கொட்டிலுக்கோ கம்பியை நீட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

கம்பி எவ்வளவு நல்லதாயினும் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கவே செய்யும். கம்பி நீளுந்தோறும் தடை கூடும். தடிப்பு மிகுந்தோறும் தடை குறையும். கம்பியில் இழக்கப்படும் அழுத்தம், அதிலே செல்லும் மின்னோட்டத்தையும் அதன் தடையையும் பெருக்கி வருவதாகும். ஜோர்ஜ் சைமன் ஓம் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1827ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட விதி இது. அவர் பெயராலேயே இன்றும் தடையை ஓம் என்ற அலகில் அளக்கிறோம்.

இதனைத் தண்ணீர்க் குழாயின் துணைகொண்டு எளிதாக விளங்கலாம். கூரைமேல் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. அதிலிருந்து ஒடுங்கிய குழாய் ஒன்று தோட்டத்தின் கோடிவரை செல்கிறது. கோடியிலுள்ள வாயை மூடி வைத்திருக்கும்வரை அங்கே நீரின் அழுத்தம் முழுமையாக இருக்கும். வாயைத் திறந்து நீரை ஓடவிட்டதும் அழுத்தம் தளர்ந்துவிடும். நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்குக் கோடியில் அழுத்தம் குறையும். மின்சாரமும் அவ்வாறே. ஓடாத மின்சாரம் கம்பியில் எதனையும் இழப்பதில்லை. ஓடும் மின்சாரமே இழக்கிறது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

இனி, இரவில் மாத்திரம் இக்குறை தோன்றுவது ஏன்? பகலிலே கமரா சூரிய ஒளியைக் கொண்டு பார்க்கிறது. இரவில் அதற்கு ஒளி வேண்டும். ஆகவே, நம் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க்கதிர்களை வீசும் சிறு எல்.ஈ.டி. விளக்குகள் அதன் முகத்திற் பொருத்தப்பட்டுள்ளன. இருண்டதும் அவை தாமாகவே எரியத் தொடங்கும். அப்பொழுது கமரா உண்ணும் மின்னோட்டம் இரண்டு மடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருகிவிடும். கம்பியில் இழக்கப்படும் அழுத்தமும் அதே அளவிற்குப் பெருகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து படலை 40 மீற்றர் தூரம் என்க. மின்சாரம் போயும் வரவேண்டியிருத்தலால் கம்பியின் நீளம் 80 மீற்றர். கணினி வலையமைப்புக்குப் பயன்படும் வடத்தின் ஒரு சோடிக் கம்பியைத்தான் பலர் இதற்கு உபயோகிக்கிறார்கள். அக்கம்பியின் விட்டம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். அதில் 100 மீற்றருக்குத் தடை சுமார் எட்டரை ஓம். எனவே 80 மீற்றருக்கு 6.8 ஓம். கமரா பகலில் 0.2 அம்பியரும் இரவில் 0.5 அம்பியரும் எடுப்பதாகக் கொள்வோம். பகலில் இழப்பு 1.4 வோல்ற்று, கமராவுக்குக் கிடைப்பது 10.6 வோல்ற்று. அதைக் கொண்டு பல கமராக்கள் எவ்வாறோ சமாளித்துக்கொள்ளும். இரவில் இழப்பு 3.4 வோல்ற்று, கிடைப்பது 8.6 வோல்ற்று மாத்திரமே. 12 வோல்ற்றில் நூற்றுக்குப் பத்து வீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்று கமராவின் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், 10.8 வோல்ற்றுக்குக் கீழே அது ஒழுங்காக இயங்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இதிலே இன்னுமொரு சங்கடம் உண்டு. பல கமராக்களின் உள்ளமைப்பு, அழுத்தம் குறையக் குறைய அக்குறையை ஈடுசெய்வதற்காகக் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும் தன்மையுடையது. மின்னோட்டம் கூடினால் கம்பியில் இழப்பும் கூடும். அதனால் அழுத்தம் இன்னும் தாழும். இறுதியில் கமரா மயங்கி நின்றுவிடும். நின்றதும் மின்னோட்டம் நின்று அழுத்தம் மீளும், கமரா விழித்தெழும், இருளைக் கண்டு விளக்குகளை ஏற்றும், மீண்டும் மயங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கமராவினுள்ளே ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்குமாயின், அது பெரும்பாலும் இந்தச் சுழற்சியின் அடையாளமே. கம்பியை எவரும் அறுக்கவில்லை. அயலவர் எவரும் தீங்கு செய்யவில்லை.

நிற்க. நோயை ஊகித்தால் மாத்திரம் போதாது. சோதித்தறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும். அதற்கு மூன்று சோதனைகள் உள.

முதலாவது: கமராவைக் கழற்றி வீட்டினுள்ளே கொண்டுவந்து, அடப்டரோடு நேரே ஒரு குறுங்கம்பியால் இணையுங்கள். பின்னர் அதன் முகம் முழுவதையும் தடித்த கறுப்புத் துணியால் மூடுங்கள். கமரா இரவு வந்துவிட்டதென எண்ணித் தன் விளக்குகளை ஏற்றும். இரவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்நிலையிற் கால் மணி நேரம் இடையறாது இயங்குமாயின், கமராவும் அடப்டரும் குற்றமற்றவை எனக் கொள்ளலாம். அங்கேயும் மயங்குமாயின் அவ்விரண்டில் ஒன்றே பழுது. கம்பியைத் தேடி வளவெல்லாம் அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது: கமராவை மீண்டும் அதன் இடத்திலே பூட்டி, அங்கு, கம்பியின் கோடியிலே, அழுத்தத்தை அளவிடுங்கள். இதற்கு மல்ரிமீற்றர் என்னும் பல்மானி வேண்டும். இது வயரிங் செய்யும் எவரிடமும் இருக்கும் கருவி. ஆனால் இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கமராவின் இணைப்பைக் கழற்றிவிட்டு வெறுங் கம்பியின் முனையில் அளக்கிறார்கள். பல்மானி 12 வோல்ற்று என்று காட்டுகிறது. “மின்சாரம் சரியாக வருகிறது; கமராதான் பழுது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். குழாயின் வாயை மூடி வைத்து அழுத்தத்தைப் பார்த்த கதை இது. கமரா இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்நிலையில் அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

மூன்றாவது: அதே நேரத்தில் வீட்டினுள்ளே அடப்டரின் வாயிலும் அளவிடுங்கள். அங்கே 12 வோல்ற்று நின்று, கோடியில் மாத்திரம் குறைந்திருந்தால் இழப்பு முழுவதும் கம்பியிலே. அடப்டரிலேயே அழுத்தம் தாழ்ந்திருந்தால் அதன் ஆற்றல் போதாது என்பது பொருள். 1 அம்பியர் தரக்கூடிய அடப்டர் ஒன்றிலிருந்து நான்கு கமராக்களுக்கு மின் கொடுத்திருக்கும் வீடுகளில் இது நிகழ்வதுண்டு.

கம்பியே குற்றவாளி எனத் துணிந்தாலும், நீளம் மாத்திரமே காரணமென்று முடிவு செய்துவிடலாகாது. நம் கரையோர ஊர்களில் உப்புக் காற்று வீசுகிறது. வெறுமனே முறுக்கி நாடா சுற்றிவிட்ட மூட்டுக்களிலே சில மாதங்களிற் பச்சைக் களிம்பு படர்ந்துவிடும். ஒரே ஒரு கெட்ட மூட்டு, பல மீற்றர் கம்பியின் தடைக்குச் சமமான தடையை உண்டாக்க வல்லது. ஆகையால் இடையிலுள்ள ஒவ்வொரு மூட்டுக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, எங்கே திடீரெனக் குறைகிறதென்று காண வேண்டும். மூட்டைச் சுத்தஞ்செய்து, ஈயப்பற்று வைத்து, நீர் புகாத பெட்டியினுள் அடைத்தால் அநேகமாகக் குறை தீர்ந்துவிடும்.

கம்பியின் உலோகத்தையும் பார்த்தல் வேண்டும். விலை மலிவான வடங்கள் பலவற்றில் உள்ளே அலுமினியமும் வெளியே மெல்லிய செப்புப் பூச்சுமே இருக்கின்றன. கம்பியின் முனையைக் கத்தியாற் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தோன்றினால் அது முழுச் செம்பன்று. அதன் தடை செம்பின் தடையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு; மடித்தால் முறிந்துபோகும் இயல்பும் உண்டு. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியும் வெளியே வெள்ளையாகத் தோன்றுமாயினும், சுரண்டினால் உள்ளே செந்நிறம் தெரியும்.

இனிப் பரிகாரங்களைக் கூறுவேன். அதற்குமுன், பரிகாரமல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “2 அம்பியர் அடப்டர் போதாது, 5 அம்பியர் வாங்கிப் போடுங்கள்” என்று ஆலோசனை கூறுவோர் பலர். அடப்டரின் அழுத்தம் உண்மையிலேயே தாழ்ந்திருந்தாலன்றி இதனால் ஒரு பயனும் இல்லை. அம்பியர் எண் என்பது அடப்டர் எவ்வளவு தரவல்லது என்பதையே குறிக்கும். எவ்வளவு தள்ளும் என்பதையன்று. தாங்கி பெரிதாயினும் குழாய் ஒடுங்கியதாயின் கோடியில் நீர் சொட்டவே செய்யும்.

முதற் பரிகாரம் தடித்த கம்பி. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியை உபயோகித்தால், நாம் முன்னே கூறிய 80 மீற்றருக்குத் தடை 1.4 ஓம் மாத்திரமே. இரவில் இழப்பு 0.7 வோல்ற்று, கமராவுக்கு 11.3 வோல்ற்று கிடைக்கும். புதுக் கம்பி இழுக்க வசதியில்லையாயின், இருக்கும் வலையமைப்பு வடத்தையே ஆராயுங்கள். அதனுள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக இருக்கின்றன. ஒரு சோடி படத்தைக் கொண்டு வருமாயின் மிகுதி மூன்று சோடிகளும் சும்மா கிடக்கக்கூடும். அம்மூன்றிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து மூன்றைப் போக்குக்கும் மூன்றை வரவுக்கும் ஒன்றாகப் பிணைத்தால் தடை மூன்றிலொன்றாகிவிடும். இழப்பு 1.1 வோல்ற்று, கிடைப்பது ஏறக்குறைய 10.9. செலவில்லாமல் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டோம்.

இரண்டாவது பரிகாரம் அழுத்தத்தை உயர்த்தி அனுப்புவது. இதன் சிறப்பை உணர்வதற்கு வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1882ஆம் ஆண்டில் தோமஸ் அல்வா எடிசன் நியூயோர்க் நகரத்துப் பேள் வீதியில் மின் நிலையம் அமைத்து, ஏறக்குறைய 110 வோல்ற்று நேரோட்ட மின்சாரத்தை வழங்கினார். ஒரு மைல் அளவான தூரத்துக்கு அப்பால் அதனை இலாபகரமாக அனுப்ப இயலவில்லை. கம்பியிலேயே அழுத்தம் கரைந்தது. அதனைத் தடுக்க வேண்டுமாயின் செம்பு மலைமலையாகத் தேவைப்பட்டது. படலைக் கமராவின் நோயும் எடிசனின் நோயும் ஒன்றே. உலகம் கண்ட மருந்து, உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பிச் சேருமிடத்திற் குறைத்துக்கொள்வது. நம் மலைநாட்டு நீர்மின்சாரம் 132,000, 220,000 வோல்ற்று அழுத்தங்களிலே நெடுந்தூரம் பயணஞ்செய்து, பின்னர் படிப்படியாகக் குறைந்து 230 வோல்ற்றாக நம் வீட்டை அடைவதும் இக்காரணம் பற்றியே.

அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால், அதே வலுவுக்கு மின்னோட்டம் நான்கிலொன்று போதும். கம்பியில் விரயமாகும் வலு பதினாறிலொன்றாகிவிடும். வலையமைப்பு வடத்தின் வழியே மின்னூட்டும் பி.ஓ.ஈ. என்னும் முறை இத்தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. 2003ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நியமத்தின்படி, அனுப்பும் முனையில் 44 முதல் 57 வோல்ற்று வரை அழுத்தம் இருக்கும்; வடம் 100 மீற்றர் வரை செல்லலாம். அனுப்பும் முனை 15.4 உவாற்று தரவேண்டும். பெறும் கருவி 12.95 உவாற்றுக்கு மேல் எடுக்கலாகாது. எஞ்சிய 2.45 உவாற்று கம்பிக்குரிய பங்கு. கம்பி தன் வரியை அறவிட்டே தீரும் என்பதை முன்னமே ஏற்றுக்கொண்டு எழுதிய நியமம் அது. புதிதாகக் கமரா வாங்க எண்ணுவோர், தூரம் மிகுதியாயின் இவ்வகையைத் தெரிந்தெடுத்தல் நன்று. ஆனால் ஒன்று: அதே பெயரைச் சொல்லி, சாதாரண 12 வோல்ற்றையே வடத்தின் சும்மா கிடக்கும் கம்பிகளில் அனுப்பும் மலிவான இணைப்பிகளும் விற்கப்படுகின்றன. அவை இழப்பைச் சிறிதும் குறைக்கமாட்டா.

இருக்கும் 12 வோல்ற்றுக் கமராவை வைத்துக்கொள்ள விரும்புவோர், வீட்டிலிருந்து 24 வோல்ற்று நேரோட்டத்தை அனுப்பி, கமராவின் அருகே அதனை 12 ஆகக் குறைக்கும் சிறு கருவியொன்றைப் பொருத்தலாம். அக்கருவியை நீரும் எறும்பும் புகாத பெட்டியினுள் வைத்தல் அவசியம். சிலர் அடப்டரிலுள்ள திருகைத் திருப்பி, 12 வோல்ற்றை 14 ஆக்கிவிடுகிறார்கள். தூரத்துக் கமராவுக்கு அது உதவலாம். ஆனால் அதே அடப்டரிலிருந்து மின் பெறும் விறாந்தைக் கமரா, இழப்பில்லாத குறுங்கம்பியில் முழுப் பதினான்கையும் ஏற்று எரிந்துபோக நேரிடும். தூரத்துக் கமராவுக்குத் தனி அடப்டர் இல்லாதவர் இதனைச் செய்தலாகாது.

மின்வெட்டுக்கு அஞ்சி 12 வோல்ற்று மின்கலத்தோடு கமராவை இணைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களின் பின்னர் இவ்வழக்கம் நம்மிடையே பெருகியது. ஈய அமில மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டபோது 12.7 வோல்ற்றளவில் இருந்து, வெறுமையாகும்போது 11 வோல்ற்றை நோக்கி இறங்கும். கம்பியின் இழப்பும் அதனோடு சேருமாயின், மின்கலத்தில் வலு மிஞ்சியிருக்கும்போதே தூரத்துக் கமரா கண்மூடிவிடும். ஆகவே, மின்கலத்தை நம்பியிருப்போர் கம்பியைத் தடிப்பாகப் போடுவது இரட்டிப்பு அவசியமாகும்.

ஈற்றிலே பாதுகாப்புப் பற்றியும் சொல்லல் வேண்டும். 12 வோல்ற்று உடலைத் தாக்காது என்று அசட்டையாக இருக்கலாகாது. ஆற்றல் மிக்க அடப்டரோடு இணைந்த மெல்லிய கம்பி எங்கேனும் உராய்ந்து ஒன்றோடொன்று பட்டால் சூடேறித் தீப்பற்றக்கூடும். தொடக்கத்தில் ஓர் உருகி இருத்தல் நன்று. அடப்டரைப் படலையருகே கொண்டுபோய் வைத்தலும் ஒரு பரிகாரமே. ஆனால் அதற்கு 230 வோல்ற்று மின்சாரத்தை வெளியே இழுக்க வேண்டியிருத்தலால், தகுதி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே அதனைச் செய்விக்க வேண்டும். சித்திரை மாதத்தை ஒட்டியும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் மிகும் நம் நாட்டிலே, வெளியே நெடுந்தூரம் செல்லும் கம்பி மின்னலின் தாக்கத்தை வீட்டுக்குள் அழைத்து வரவும் கூடும். இடி முழங்கும் வேளையில் அதனைத் தொடுவதோ சோதிப்பதோ கூடாது.

நேயர்களே, இருளில் மறையும் கமராவைப் பழுதென்று ஒதுக்குமுன், அதன் முகத்தைத் துணியால் மூடி, விளக்குகள் எரிகையில், கம்பியின் கோடியிலே ஒருமுறை அளந்து பாருங்கள். அந்த ஓர் எண் வீண் செலவையும் வீண் ஐயத்தையும் ஒருங்கே தடுத்துவிடும். தூர தேசத்திலிருந்து வாயிலைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கும், வீட்டில் தனித்துறங்கும் தாய்க்கும் அன்றிரவு நல்லுறக்கம் கிட்டும்.